முதுகில் காற்று

திரும்பிப் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை. கோவில்பட்டியில் பஸ் ஏறியதிலிருந்து தூத்துக்குடியில் இறங்கும் வரை அம்மா அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள், நீ பாட்டுக்குக் கடலப் பாத்து உக்காந்திரு, அவுக ரோட்டுப் பக்கமாத்தான் வருவாக, வந்து பாத்துட்டுப் போயிருவாக, நீ சும்மா காத்து வாங்க வந்த மாதிரி இரு. காற்று வாங்க வந்த மாதிரி. ஆனி மாதக் கடைசியில் காற்று வாங்க ஒருவரும் கோவில்பட்டியை விட்டுப் போகவேண்டியதில்லை, வேண்டிய மட்டும் அங்கேயே கிடைக்கிறது, கரிசல் புழுதியோடு சேர்த்து. கடற்கரை என்றால் காற்று கடலிலிருந்து வரும் என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். இங்கே அது ஊருக்குள்ளிருந்து வருகிறது. மேற்கே எங்கேயோ புறப்பட்டு, எங்கள் பஸ் வந்த வழியாகவே வந்து, சாலையைக் கடந்து, மணலை வாரிக்கொண்டு என் முதுகில் அடித்து, என்னைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது. தலைமுடி முழுவதும் முன்னால் வந்து முகத்தை மூடுகிறது. ஒதுக்கினால் மறுபடி மூடுகிறது. கடல் அடங்கிக் கிடக்கிறது, குளம் மாதிரி, அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, மேல்தோலை மட்டும் காற்று சுருக்கிச் சுருக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. தெற்கே துறைமுகத்துக் கிரேன்கள் கழுத்தை நீட்டி நிற்கின்றன. அதற்கும் அப்பால் ஒரு கப்பல். வெகுநேரமாக அங்கேயே நிற்கிறது. உள்ளே வரச் சொல்லும் வரை கப்பல் வெளியில்தான் நிற்குமாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார், சில சமயம் நாள் கணக்கில்கூட. யாரோ எங்கிருந்தோ அதையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு முதுகு கிடையாது என்பதால் தெரியாது. எனக்குத் தெரிகிறது. முதுகு முழுவதும் கண்ணாகிவிட்டது போல் இருக்கிறது. எந்தக் காலடியும் மணலில் கேட்காது என்று தெரிந்தும் காது அதையே தேடுகிறது.

இந்த ஏற்பாடு ஆவுடையப்பனுடையது. தரகர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, தெரிஞ்சவுக நாலு பேருக்கு நல்லது நடக்கட்டுமேன்னு செய்யிறது என்பார். வீட்டுக்கு வந்து பாத்து, பலகாரம் தின்னு, அப்புறம் வேண்டாம்னு சொன்னா ரெண்டு பக்கமும் மனசு கஷ்டம், பொண்ணுக்கும் பேரு கெட்டுப்போகும், பொது இடத்துல பாத்தா பாத்ததுக்குத் தடயமே கிடையாது பாருங்க. தடயம் என்ற சொல்லைத்தான் சொன்னார். அதனால் சங்கரன்கோவிலில் சாமி கும்பிடுகிற கூட்டத்தில் ஒரு முறை பார்த்தார்கள், திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டாவது மாடியில் ஒரு முறை, ரயில்வே ஸ்டேஷனில் ஒரு முறை. பார்த்தவர்கள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜவுளிக்கடையில் எனக்கு எதிரில் ஒரு பெண்மணி பட்டுப்புடவையைப் பிரித்து வைத்துக்கொண்டு விலையே கேட்காமல் என்னைப் பார்த்தாள், அவளாக இருக்கலாம், அல்லது அவள் விலைதான் கட்டுப்படியாகாமல் வெறித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. அதற்குப் பிறகு எங்கே போனாலும் யாரோ பார்த்து வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருப்பது போல ஒரு நினைப்பு. காய்கறிக்கடையில், ஏடிஎம் வரிசையில். ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கிழவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தே போய்விட்டேன். பிறகுதான் தெரிந்தது அவருக்குத் தலை எப்போதுமே ஆடிக்கொண்டிருக்கும் என்று. இது கடைசி என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஆடி பிறந்தால் பேசமுடியாது, ஆவணிக்குள் எனக்கு முப்பத்தைந்து, அதற்குப் பிறகு ஆவுடையப்பன் ரெண்டாந்தாரம் இருக்கு, பாக்கட்டுமா என்று ஆரம்பித்துவிடுவார். அடையாளத்துக்கு என்று வாடாமல்லி நிறப் புடவை. சிமெண்டுக் குடைக்குக் கீழே, வாடாமல்லிக் கலர் சேலை, தனியா உக்காந்திருக்கும், போனில் அவர் அவர்களிடம் இப்படித்தான் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்திருக்கும். தாயார் கூட இருக்க வேண்டாம், மறைக்கும். அதனால் அம்மா ரோட்டோரத்து பெஞ்சில்.

புடவை வாடாமல்லி, ஜாக்கெட்டும் வாடாமல்லி, கை மணிக்கட்டு வரை. இந்த வெயிலுக்கு இந்தக் காற்றுக்கு மணிக்கட்டு வரை கை வைத்து யார் போடுவார்கள், பார்த்தவுடனே தெரியாதா, உள்ளே ஏதோ இருக்கிறதென்று. அம்மாவிடம் கேட்டேன். இப்ப அதான் பேஷன், காலேஜ் பிள்ளைகள்லாம் போடுதே, என்றாள். காலையில் உட்காரவைத்து அவளே பூசினாள், சென்னையிலிருந்து வரவழைத்த தோல் நிறக் களிம்பை, கழுத்தின் இடப்பக்கம், இரண்டு புறங்கையிலும், விரல் இடுக்கு வரை. அவள் விரல் சூடாக இருந்தது. நான் குழந்தையாக இருந்தபோது தலைக்கு எண்ணெய் வைத்ததைவிட மெதுவாக. பிறகு தள்ளி நின்று பார்த்து, ஒண்ணுமே தெரியல, என்றாள். எனக்குப் பத்தொன்பது வயதில் வலது மணிக்கட்டு எலும்புக்கு மேல் வந்தது முதல் வெள்ளைப் புள்ளி, பச்சரிசி அளவுக்கு. சுண்ணாம்பு பட்டிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். துடைத்தேன், துடைத்தேன். அன்றைக்குத் துடைத்ததை நினைத்தால் இப்போதுதான் வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை. அது மெதுவாக ஏறியது. முழங்கைக்கு வர ஐந்து வருஷம். இடையில் இரண்டு வருஷம் நின்றது, அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதால்தான் நின்றது என்றாள், பிறகு கழுத்தில் வந்தபோது மாரியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். வலி கிடையாது, அரிப்பு கிடையாது, யாருக்கும் ஒட்டாது. டாக்டர் மூன்றையும் விரல் விட்டுச் சொன்னார். பிறகு, மனசுதான் முக்கியம், என்றார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அந்தக் கடைசி வாக்கியம் வரை.

என் கைதான் என் வேலை. கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை நாற்காலிக்கு எதிரே நாள் முழுக்க நிற்கிறேன். கன்னத்தைத் தொட்டு, இமையைத் தூக்கி, வெளிச்சம் அடித்து, இது தெரியுதா, இதைவிட இது நல்லாத் தெரியுதா. ஒரு தடவை ஒருவர், காதில் கடுக்கன் போட்ட மனிதர், என் கை கன்னத்துக்கு வரும்போதே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வேற ஆள் இல்லையா தாயி. நான் சொன்னேன், இருக்காங்கய்யா, ஆனா அவங்க நாளைக்குத்தான் வருவாங்க, உங்க கண் நாளைக்கு வரைக்கும் காத்திருக்குமான்னு நீங்கதான் சொல்லணும். அவர் யோசித்தார். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார், ஊசிக்கு நீட்டுகிற மாதிரி. கண்ணைத் திறந்தாத்தான் பாக்க முடியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அங்கே நான் முழுக்கை போடுவதில்லை. அரைக்கைதான், அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு, அதையும் முழங்கைக்கு மடித்துவிடுவேன். தினமும் அத்தனை பேர் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுத் தங்கள் கண்ணைப் பற்றிய கவலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பின் இங்கே எதற்கு இது. எதற்கென்று தெரியும். அங்கே அவர்களுக்கு என்னிடம் ஆகவேண்டிய காரியம் இருக்கிறது. இங்கே எனக்கு இருக்கிறது.

"அக்கா, ஒரே கலரு!" என்று ஒரு குரல். திரும்பக்கூடாது என்பதை மறந்து திரும்பிவிட்டேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவளாக ஒரு பெண், தோளில் ஆபீஸ் பை, வாடாமல்லிப் புடவை. முந்தானையைக் காற்று பிடுங்க, அவள் அதைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல ஒரு சாருக்கு ரிட்டயர்மென்ட்டு. லேடீஸ் எல்லாம் ஒரே மாதிரி எடுப்போம்னு எடுத்தது. இங்க வந்து பாத்தா நீங்களும் எங்க ஆபீஸ் மாதிரி இருக்கீக!" துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸாம். பெயர் ரெக்ஸலின். வீட்டுக்காரருக்குக் கப்பல் கட்டுகிற வேலை, கப்பல் கரைக்கு வந்தால் வடத்தை வாங்கித் தூணில் மாட்டுகிறவர், அவர் முடித்து வரும்வரை இங்கே உட்கார்ந்திருப்பாளாம், வீட்டுக்குப் போனால் மாமியார் மீன் ஆயச் சொல்லுவார்கள். "நீங்க யாருக்கு வெயிட்டிங்கு?" "அம்மாவுக்கு," என்றேன். "அம்மா எங்க?" "பெஞ்சுல." அவள் பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சண்டையாக்கா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. மணல் காதுக்குள் போனது. "இந்தக் குடைக்குக் கீழ இருந்தா முதுகு பூரா மண்ணுதாங்கா," என்றாள், "ஊருக்குப் புதுசா? உள்ளூர்க்காரங்க அந்தப் போட்டிங் டிக்கெட் கூண்டுக்குப் பின்னாடி போயிருவோம். கொஞ்சம் காத்து மறையும்." பூட்டிய தகரக் கூண்டு ஒன்று தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எழுந்தேன். எழ வேண்டும் என்று முடிவு செய்ததாக நினைவில்லை, கால் எழுந்தது. நீ வரலியா என்றேன். "எனக்கு இந்தக் காத்து பழக்கம், அவரு வண்டி இங்கருந்தாத்தான் தெரியும்," என்று நான் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி அதன் மேல் பையை வைத்து, கடலைப் பார்த்துக் கையை நீட்டி விரல்களைச் சொடுக்கிக்கொண்டாள்.

கூண்டுக்குப் பின்னால் காற்று சட்டென்று நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு நேரமாகக் காதில் கத்திக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் மணல் விழுகிற சத்தம், யாரோ அரிசி புடைப்பது போல. சொன்ன இடத்தில் நான் இல்லை. இருக்கட்டுமே. அவர்கள் வந்தால் தேடட்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு தடவையாவது பெண்ணைத் தேடினால் என்ன. அப்படி நினைத்தவுடன் பயமும் வந்தது, தேடாமல் போய்விட்டால். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு இன்றைக்கு வருகிற மாப்பிள்ளையின் போட்டோ பிடித்திருந்தது. குமரகுருபரன், நாற்பது வயது, உப்புக் கம்பெனியில் கணக்கர், அப்பா அம்மா இல்லை, அக்கா வளர்த்தது. போட்டோவில் காது இரண்டும் விடைத்துக்கொண்டிருக்கும், யாரோ கூப்பிட்டதற்கு அப்போதுதான் என்ன என்று கேட்டவர் மாதிரி. அம்மாவின் போனில் அவள் தூங்கும்போது எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் காதுக்காரரிடம் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னால் கேட்பார் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டின மனிதரைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார். வேறு பெரிய ஆசை இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அடுத்தாற்போல் இன்னொன்றும் வருகிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. அவர் எழுவதற்கு முன்னால் நான் எழுந்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். களிம்பை எடுத்துக் கழுத்தில், கையில், விரல் இடுக்கில். கதவைச் சாத்திக்கொண்டு. தினமும். மழையில் நனையக் கூடாது, மாவு பிசையக் கூடாது, வியர்க்கக் கூடாது. பிறகு ஒரு நாள் அவர் பார்த்துவிடுவார், அன்றைக்கு அவர் முகத்தில் வரப்போவது என் தோலைப் பற்றியதாக இருக்காது. ஏமாந்தவனின் முகம் அது. அந்த முகத்துக்கு என்னிடம் பதில் இருக்காது. வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் எப்போதும் பதில் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டால்தான் பயம்.

அம்மா மணலில் ஓடி வருவதை நான் பார்த்ததே இல்லை. முட்டுவலிக்காரி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறாள். குடையிடம் போய், குனிந்து, அங்கே இருப்பது நான் இல்லை என்று கண்டு, நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கிறாள். நான் கையைத் தூக்கினேன். "இங்கயா இருக்க? குடைக்கிட்ட இல்ல இருந்த? சரி, எங்கயோ இரு. பாத்துட்டாக, செம்பகம். வந்து பாத்துட்டாக. பிடிச்சிருக்காம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது, மணலாலும் இருக்கலாம். "ஆவுடையப்பன் இப்பத்தான் போன் பண்ணினாரு. அவரு கொஞ்சம் முன்கூட்டியே கோடு காட்டித்தான் வச்சிருந்தாராம், கையில சின்னதா ஒரு தழும்பு மாதிரி இருக்கும், பெரிசா ஒண்ணுமில்லன்னு. அதனால மாப்பிள்ளையோட அக்கா, கையத்தான் நல்லாப் பாத்தாகளாம். முழங்கை வரைக்கும் பளிச்சுன்னு இருக்கு, ஒரு மறு கூட இல்லையே, இதப் போயா சொன்னீகன்னு கேட்டாகளாம்." முழங்கை வரைக்கும். அம்மா சொல்லிக்கொண்டே போனாள், ஐஸ்கிரீம் வண்டிக்கிட்டதான் நிக்காகளாம், அக்காளும் தம்பியும், காரு வர்றதுக்கு, ஆவணியில முதல் முகூர்த்தம். நான் என் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் இரண்டு கொக்கி, இரண்டும் மாட்டியிருந்தது. அம்மாவும் நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் குடைப் பக்கம் பார்த்தோம். ரெக்ஸலின் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், காற்றில் பறக்கிற முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குட்டைக் கை ஜாக்கெட், மாநிறக் கை, வெயில் பட்டு மினுமினுவென்று.

அம்மா போனில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள். கூண்டின் தகரத்தில் அரிசி விழுந்துகொண்டே இருந்தது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரிந்தது, அதற்காக அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். இத்தனை வருஷமாக எங்கே போனாலும் என் வலப்பக்கமாகவே நடந்து வந்திருக்கிறாள், மறைப்பதற்கு. கல்யாண வீடுகளில் நான் பந்தி பரிமாற எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவைப்பாள், யாராவது இலையை மடித்துவிடுவார்களோ என்று. "இருக்கட்டும்," என்றாள் அம்மா. குரல் சின்னதாக இருந்தது. "இருக்கட்டும், செம்பகம். அவுகளா பாத்தாக. நாம ஒரு பொய்யும் சொல்லலியே. தாலி ஏறினப்பறம் மெல்லச் சொல்லிக்கிடலாம். பேசாம வா. பஸ்ஸுக்குப் போவோம்." நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது நிஜம்தான், சிரிப்பாகவும் இருந்தது. வேறு ஒருத்தியின் கையை அவருக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறோம். கல்யாணத்தன்று மணவறையில் என் கையைப் பிடிக்கும்போது அவர் மனதில் இருக்கப்போவது கப்பல் கட்டுகிறவருடைய மனைவியின் கை. பாவம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, கால் மணி நேரத்தில் அவளை ஒருவர் நிச்சயம் பண்ணிவிட்டார் என்று. நான் ஐஸ்கிரீம் வண்டிக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்தக் காதுகள் போய்விடும். அம்மாவின் ஆவணி போய்விடும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன், யோசிக்க அதிகம் இல்லை, கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்துதான் இருந்தாள். மணிக்கட்டுக் கொக்கியைக் கழற்றினேன். அடுத்ததையும். அம்மா, "ஏட்டி," என்றாள். துணியை மடித்து மடித்து முழங்கைக்கு மேல் ஏற்றினேன். களிம்பு மணிக்கட்டு வரைக்கும்தான். அதற்கு மேல் என் கை என் கையாக இருந்தது. கூண்டைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று நேராக முகத்தில் அறைந்தது. முடி முகத்தைவிட்டுப் பின்னால் போனது, புடவை கால்களில் சுற்றியது, ஊருக்கு எதிராக நடப்பது தண்ணீரில் நடப்பது போல இருந்தது. குடையைத் தாண்டும்போது, "சமாதானமாக்கா?" என்றாள் ரெக்ஸலின். அப்புறம் என் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கண்ணுல மண்ணு விழும், குனிஞ்சு போங்க," என்றாள். நான் குனியவில்லை. மண் விழுந்தது.

ஐஸ்கிரீம் வண்டியின் மறைப்பில் இரண்டு பேர். அக்காள் கனமான பெண்மணி, கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தம்பி குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தார், உருகி மணிக்கட்டில் வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்தபடி. காதுகள் போட்டோவில் இருந்ததைவிடக் கொஞ்சம் சிறியவை. எனக்கு இன்னும் பிடித்திருந்தது, அது எரிச்சலாக இருந்தது. "கோவில்பட்டியிலருந்து வந்திருக்கேன்," என்றேன், "நான்தான் செண்பகவல்லி." அக்காள் என்னைப் பார்த்து, குடையைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். "அப்போ அது?" "அவங்க உள்ளூரு. அவங்களுக்குக் கல்யாணமாயிருச்சு. நீங்க பாத்தது அவங்க கைய. என் கை இது." நீட்டினேன். ஆஸ்பத்திரியில் கன்னத்துக்கு நீட்டுகிற மாதிரி, விரல்களை விரித்து. வெயிலில் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது, அதன் ஓரங்களில் என் பழைய நிறம் திட்டுத் திட்டாக. "கழுத்துலயும் இருக்கு. இன்னும் வரலாம், வராமலும் இருக்கலாம். தழும்பு இல்ல. பாருங்க, பாக்கத்தான வந்தீங்க." அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்த மனுசன் இப்படின்னு சொல்லலியே," என்றார், காற்றிடம் சொல்வது போல. அவர் பார்த்தார். தம்பி. முகத்தைச் சுளிக்காமல், ஒரு கணக்கு ஏன் இடிக்கிறது என்று பார்ப்பவரைப் போல உன்னிப்பாகப் பார்த்தார். ஐஸ் சொட்டியது. "வலிக்குமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் பார்க்க வந்த யாரும் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. "இல்ல," என்றேன். காத்திருந்தேன். இன்னொன்று கேட்டால் போதும் என்று இருந்தது, எதுவானாலும், எந்த ஊர் ஆஸ்பத்திரி, பஸ் எத்தனை மணிக்கு. அக்காள் அவர் முழங்கையைத் தொட்டார். லேசாகத்தான் தொட்டார். "சரிம்மா, வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்," என்றார் அக்காள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் இங்கேதான் நிற்கிறார்கள். நான் அவரைப் பார்த்தேன், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பது போல, கண்ணுக்குள். அவர் கண் விலகிக் குச்சிக்குப் போனது. அதில் ஐஸ் தீர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலக்க வேண்டாம்," என்றேன். "நீங்க என்னையப் பாத்தீங்க. நானும் உங்களப் பாத்துட்டேன். எனக்குச் சரிப்படல." அக்காளின் வாய் திறந்தது. பெண் வீட்டிலிருந்து இதைச் சொல்வதற்கு வழக்கத்தில் இடமில்லை, அவருக்கு என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "என்ன பேச்சு பேசுதா பாரு," என்று தம்பியிடம் சொன்னார். அவர் நிமிரவில்லை. அவர் காது சிவந்திருந்தது. நான் சொன்னது முழுக்க உண்மையா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்காவிட்டால் சரிப்பட்டிருக்குமோ என்னவோ. வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அது என்னுடைய வருத்தம், நானே போய் எடுத்துக்கொண்டது, யாரும் ஆவுடையப்பன் மூலம் சொல்லி அனுப்பியது இல்லை. திரும்பி நடந்தபோது காற்று மறுபடி முதுகுக்கு வந்தது.

அம்மா கூண்டிலிருந்து பாதி தூரம் வந்து நின்றிருந்தாள், காற்றுக்கு நடுவில், முந்தானையைத் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. நான் சொன்னதைக் காற்று அவள் வரைக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும். என் வலப்பக்கம் வந்து நின்றாள், பழக்கத்தில். அவள் கையிலிருந்த போன் அடித்தது. நான் வாங்கப் போனேன், கொடுக்காமல் அவளே எடுத்துக் காதில் வைத்தாள். ஆவுடையப்பன் கத்தினது காற்றையும் மீறி எனக்குக் கேட்டது, என்னம்மா வேலை பாத்து வச்சிருக்கு உங்க மக, நேரா போயா நிப்பாக, அந்தக்கா என்னையப் பிடிச்சு வாங்குதாக, அவுக வேண்டாம்னு சொல்லிட்டாக, இனிமே நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். எப்போதும் கேட்பது போல, ஆமா, ஆமா, என்று. பிறகு, "அவுக எங்க வேண்டாம்னாக," என்றாள். "நாங்கதான வேண்டாம்னோம்." அம்மாவின் குரலில் கோபம் இருந்தது, யார் மேல் என்று சொல்ல முடியாத கோபம், என் மேலாகவும் இருக்கலாம், இருந்தால் அதில் தப்பும் இல்லை. "இந்தா பாருங்க, இனிமே கோயிலு குளம் பீச்சுன்னு எங்களால அலைய முடியாது. வாரவுக வீட்டுக்கு வரட்டும். அவ அரைக்கைதான் போட்டிருப்பா, வாரதுக்கு முன்னாலயே சொல்லிருங்க." போனை அணைத்தாள். அணைத்தது சரியாக அணைந்ததா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, எதையோ முறைத்துக்கொண்டு, "வா," என்று ரோட்டைப் பார்த்து எனக்கு முன்னால் நடந்தாள்.